தெற்கு ஆப்பிரிக்காவில் வேட்டைப் பண்ணையும் காட்டு விலங்கும்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வேலிக்காரன்:

வேட்டையாடி எப்படி விலங்கைக் காப்பாற்ற முடியும், கேட்கவே கொடுமையாக இருக்கிறதே என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் ஏழு வருடமாகப் பண்ணை பண்ணையாக மின்வேலி போட்டுத் திரிகிறவன் நான். பார்த்ததைச் சொல்கிறேன், அந்தப் பக்கம் இருந்த மற்றவர்களும் சொல்லுங்கள்.

முதலில் லெபலாலே அனல் மின் நிலைய வேலைக்குத்தான் போனேன். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல், வேலி போடும் சின்ன கம்பெனி ஒன்றில் சேர்ந்துகொண்டேன். வேலி என்றால் நம்மூர் முள்கம்பி மாதிரி நினைக்காதீர்கள். எட்டடி உயரம், இருபது கம்பிக்கு மேல், கிலோமீட்டர் கிலோமீட்டராகப் போகும். குடு மான் நின்ற இடத்திலிருந்தே எம்பித் தாண்டும் என்பதால் அந்த உயரம்.

இந்த வேலிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, அது புரிந்தால்தான் மற்றது புரியும். தென்னாப்பிரிக்காவில் காட்டு விலங்கு வெகுகாலம் யாருக்கும் சொந்தமில்லாத பொருளாக இருந்தது. உங்கள் நிலத்தில் மேய்கிற மான் பக்கத்து நிலத்தில் கால் வைத்தால் அவன் சுட்டுக்கொள்ளலாம், நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது. அப்படி இருந்தால் எந்த விவசாயி மானுக்குப் புல்லும் தண்ணீரும் விட்டுவைப்பான்? 1991இல் வந்த சட்டம் அதை மாற்றியது. நிலத்தை முறையாக வேலி போட்டு அடைத்து அதற்குச் சான்றிதழும் வாங்கிவிட்டால், உள்ளே இருக்கும் விலங்கு தப்பி வெளியே போனாலும் உங்களுடையதுதான். அதற்கு முன்பே சிலர் தொடங்கியிருந்தாலும் அதன் பிறகுதான் ஆளாளுக்கு மாட்டை விற்று மான் வாங்கினார்கள். இன்று அங்கே சுமார் 9,000 வேட்டைப் பண்ணைகள் இருப்பதாகச் சொல்வார்கள்.

நான் அதிகம் வேலை பார்த்த பண்ணையின் முதலாளியை ஊம் என்றுதான் கூப்பிடுவோம். ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் அது மாமா மாதிரி. அவருடைய அப்பா காலத்தில் குடு என்றால் மாட்டின் தீனியைத் திருடுகிற பிராணி, கண்டால் சுட வேண்டியதுதான். இப்போது பழைய மாட்டுத் தொட்டிகள் துருவேறிக் கிடக்க, அதே தண்ணீரை இம்பாலா மானும் வரிக்குதிரையும் குடிக்கின்றன. மாடு மட்டும் இருந்த நிலத்தில் இத்தனை உயிர் திரும்பி வந்திருக்கிறதே என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. இவற்றை வைத்துக் காக்கிற செலவுக்கெல்லாம் வருடத்தில் சில வாரம் வரும் வேட்டைக்காரர்கள்தான் காசு கொடுக்கிறார்கள்.

ஒரு ஜூலை மாதம் வண்டி ஓட்ட ஆளில்லை என்று என்னை அழைத்துப் போனார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், அவருக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி, அப்புறம் தடம் பார்க்கும் பெரியவர். பெரியவரை ந்தாத்தே என்போம். பேடி மொழியில் அப்பா என்று அர்த்தம், காதில் விழும்போது நம் தாத்தா போலவே இருக்கும். வந்தவர் முக்காலிக் கம்பில் துப்பாக்கியைச் சாய்த்து ஒரு குடு மானைச் சுட்டார். தொப்பென்று, மண்பானையில் தட்டியது போல ஒரு சத்தம். ந்தாத்தே மான் நின்ற இடத்துக்குப் போய் ஒரு புல்லைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். இரத்தத்தோடு பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. நுரையீரலில் பட்டிருந்தால் இளஞ்சிவப்பு நுரை வருமாம், இது வயிறு. உடனே துரத்தினால் வெகுதூரம் ஓடிவிடும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.

அப்புறம் நடந்தோம். ஒரு சொட்டு, நூறு அடி தள்ளி இன்னொரு சொட்டு, பிறகு அதுவும் இல்லை. வெறும் குளம்புத் தடம்தான், அதுவும் மற்ற குடுக்களின் தடத்தோடு கலந்து. காயம் பட்டுக் காணாமல் போனாலும் முழுக் கட்டணம் உண்டு என்பது அங்கே வழக்கம். நான்கு மணிக்கு வந்தவர் களைத்துப்போய், போதும், காசைக் கொடுத்துவிடுகிறேன், திரும்பலாம் என்றார். ந்தாத்தே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருட்டும் நேரத்தில் ஒரு முள்புதருக்கு அடியில் தலையைத் தூக்கிப் படுத்திருந்ததைக் கண்டுபிடித்தோம். இன்னொரு குண்டில் முடிந்தது. ஈரலும் குடலும் அன்று இரவே வேலையாட்கள் வீட்டுக்குப் போயின, இறைச்சியைக் கொத்தமல்லி விதையும் வினிகரும் போட்டு பில்டாங் ஆக்கினார்கள், நம் உப்புக்கண்டம்தான்.

காசு கொடுத்தால் கணக்கு தீர்ந்தது என்று நினைக்கிறவன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கவே கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கூண்டில் பிறந்த சிங்கத்தைக் குட்டியில் சுற்றுலாக்காரர் மடியில் கொஞ்சவிட்டு, வளர்ந்ததும் ஓர் அடைப்பில் விட்டுச் சுடவைக்கிறார்களே, அதை வேட்டை என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2021இல் அரசே அறிவித்தது. சீக்கிரம் ஒழிந்தால் நல்லது.

கால்நடைக்காரன்:

அண்ணே, பின்னூட்டம் போட வேண்டாம் என்று நினைத்தாலும் கை சும்மா இருக்கவில்லை. நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு குவாசூலு-நேட்டாலில் ஒரு தனியார் காப்பகத்தில் எட்டு மாதம் உதவியாளனாக இருந்தேன். அந்த மாகாணத்து இம்ஃபலோசி காட்டில்தான், 1900ஐ ஒட்டி நூற்றுக்கும் குறைவாக மிஞ்சியிருந்த தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகங்கள் பிழைத்துக் கிடந்தன. 1960களில் அந்தக் காட்டின் காப்பாளர் இயன் பிளேயரும் அவருடைய ஆட்களும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து மற்ற இடங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பண்ணைக்காரர்களும் வாங்கி வளர்த்தார்கள். இன்று உலகத்தில் இருக்கும் தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகம் எல்லாமே அந்தச் சின்னக் கூட்டத்தின் வாரிசுகள்.

அதைத்தான் திருடர்கள் கொம்புக்காகக் கொன்று குவித்தார்கள். 2014இல் மட்டும் தென்னாப்பிரிக்காவில் 1,215. அதனால் கொம்பை நாங்களே அறுத்துவிடுவோம். நகம் மாதிரிப் பொருள்தான், வலிக்காது, திரும்ப வளரும், ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அறுக்க வேண்டும்.

முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை காண்டாமிருகத்தின் காதில் துணி அடைப்பது. ஹெலிகாப்டரிலிருந்து ஊசி போட்ட சில நிமிடத்தில் அது குடிகாரனைப் போல உயர உயரக் கால் தூக்கி நடந்து, அப்படியே உட்கார்ந்துவிடும். அந்த மருந்து மனிதன் உடம்பில் துளி ஏறினாலே உயிருக்கு ஆபத்து, அதனால் நமக்கான மாற்று மருந்தைத் தயாராக வைத்த பிறகுதான் ஊசியையே தொடுவார்கள். கண்ணைத் துணியால் கட்டினோம். அடிப்பாகத்தில் வளர்கிற சதையை விட்டு ஒரு கோடு போட்டு, மரம் அறுக்கும் மெஷினை வைத்தார்கள். முடி கருகும் நாற்றம். தூள்கூடச் சிந்தாமல் கீழே படுதா விரித்திருந்தார்கள், ஏனென்றால் அந்தத் தூளுக்கும் விலை உண்டு. நான் ஒரு கையைக் கழுத்து மடிப்பில் வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன். தோல் கல் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன், காதுக்குப் பின்னால் அவ்வளவு மென்மை, சூடு. மாற்று ஊசி போட்டு இரண்டு நிமிடத்துக்குள் எழுந்து, மூக்கு மொட்டையாக, குட்டியைத் தேடிப் போனது.

பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் குரூகர் தேசியப் பூங்காவைச் சுற்றியுள்ள காப்பகங்களில் 2017 முதல் 2023 வரை ஆராய்ந்தபோது, கொம்பறுத்த இடங்களில் திருட்டு வேட்டை 78 சதவீதம் குறைந்திருந்தது. மொட்டை மூக்கோடு உயிரோடு இருக்கட்டும். ஹெலிகாப்டர் செலவு, காவலாளி சம்பளம் எல்லாம் நிலத்துக்காரர் தலையில்தான், அதனால்தான் எத்தனையோ பேர் போதும் சாமி என்று காண்டாமிருகத்தை விற்றுவிட்டார்கள். அந்த இடத்தில்தான் எனக்குப் பயம்.

மவுன் டீச்சர்:

தம்பிமார் இரண்டு பேரும் வேலிக்குள்ளே இருக்கிற விலங்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து பொட்ஸ்வானாவுக்குக் கணிதம் படிப்பிக்கப் போனவள். எங்கள் பக்கத்தில் யானையை நிறுத்துகிற வேலி இல்லை. அந்த நாட்டில் சுமார் 130,000 யானைகள், உலகத்தில் வேறெந்த நாட்டிலும் அவ்வளவு இல்லை. பிள்ளைகள் காலையில் பிந்தி வந்தால் நான் காரணம் கேட்கிறதில்லை. வழியில் யானை நின்றிருக்கும்.

ஒருநாள் என்னுடைய மாணவி ஒருத்தி வரவே இல்லை. பின்னேரம் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மம்மா சோளக் காணியின் ஓரத்தில் காலை நீட்டி இருந்தார். இரவு வந்த யானைகள் ஒரு தட்டையைக்கூட நிற்கவிடவில்லை. யானைச் சாணியில் மிளகாய்த்தூளைப் பிசைந்து காயவைத்து, அதைக் கொளுத்திப் புகை போட்டிருக்கிறார்கள். காற்று மாறி அடித்துவிட்டது. அங்கே பெண்களை ம்மா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். ம்மா, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் தரையில் ஒரு கதிரைப் பொறுக்கி, உமியை ஊதி, இருந்த நாலு மணியை என் கையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

2014இல் வேட்டைக்குத் தடை வந்தது. வெளியே எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கு முதல் சில கிராமங்களுக்கு வேட்டைப் பணம் நேரே போகும். மவுன் நகரத்துக்குக் கிட்ட சங்குயோ என்ற ஊரில் அந்தக் காசில் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் போட்டிருந்தார்கள், இறைச்சியும் கிடைத்தது. தடையோடு எல்லாம் நின்றது, யானையும் சிங்கமும் மட்டும் நிற்கவில்லை. 2019இல் தடையை எடுத்தபோது அந்தச் சனம் சந்தோஷப்பட்டதைக் கண்ணால் கண்டேன். அந்தப் பணம் ஒழுங்காகப் பங்கிடப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன், கிராமக் கமிட்டிகளில் சண்டை இருந்தது, சிலர் சுருட்டினார்கள். ஆனாலும் யானையோடு சேர்ந்து வாழ்கிறவருக்கு யானையால் ஒரு நன்மையும் இல்லாவிட்டால், அந்த அம்மம்மா எதற்காகப் பொறுக்க வேண்டும்?

லண்டனில் இருக்கிற என் தமையன் இன்றைக்கும் வேட்டை கூடாது என்று அழுங்குப்பிடியாக நிற்கிறார். நல்ல மனம்தான். அவருடைய காணிக்குள் யானை வருவதில்லை.

வேலிக்காரன்:

அக்கா, அழுங்குப்பிடி என்ற வார்த்தையைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுத ஓடவில்லை. சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வார்ட்ஹாக் பன்றி வேலிக்கு அடியில் தோண்டும். அந்த ஓட்டை வழியாக மற்றவை போய்விடும். அதைத் தடுக்கத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தனியாக ஒரு மின்கம்பி இழுப்போம். ஊம் பண்ணையில் நான்தான் இழுத்தேன், பதினொரு கிலோமீட்டர், அழகாகத் தொய்வில்லாமல். எருமை வாங்கியிருந்தார், காட்டெருமைக் காளை ஒன்றுக்கு 17.6 கோடி ராண்ட் மதிப்புப் போட்ட காலம் அது, 2016. ஊம் வாங்கியது அந்த விலையில் இல்லை, ஆனாலும் கடன். அடுத்த வருடங்களில் விலை சரிந்துபோனது வேறு கதை.

கம்பி இழுத்து மூன்றாவது வாரம், காலையில் வேலியைச் சுற்றி வரும்போது கம்பியில் ஏதோ உருண்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அழுங்கு, உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புதின்னி. அங்குள்ள அழுங்கு பின்னங்காலால் நடக்கும், முன்னங்கை தரையில் படாது. செதில் இல்லாத வயிறு நேராகக் கம்பியில் இடிக்கும். ஷாக் அடித்ததும் அதற்குத் தெரிந்தது ஒன்றுதான், சுருண்டு பிடித்துக்கொள்வது. அது சுருள்வது கம்பியைச் சுற்றி. வினாடிக்கு ஒருமுறை டிக் டிக்கென்று மின்சாரம் பாய, பாயப் பாய இறுக்கிப் பிடிக்கும். சிங்கத்தால் பிரிக்க முடியாத பிடி அது. இராத்திரி முழுவதும் அப்படியே இருந்திருக்கிறது. நான் மெஷினை அணைத்துத் தொட்டபோது உயிர் இல்லை. செதிலின் ஓரங்கள் கருகி, நகம் தீய்ந்த வாசனை. நீங்கள் சொன்ன அதே வாசனைதான் தம்பி.

ந்தாத்தே வந்து பார்த்துவிட்டு, இதைக் கொன்றால் மழை வராது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள் என்றார். என்னைக் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. விலங்கை இந்த நிலத்துக்குத் திரும்பக் கொண்டுவந்ததே வேலிதான் என்று நான் நம்புகிறேன், இப்போதும் நம்புகிறேன். இந்தியாவுக்கு 2023 பிப்ரவரியில் வந்த 12 சிவிங்கிப்புலிகளில் பாதிக்கு மேல் எங்கள் மாகாணத்து ரூய்பெர்க்கில்தான் தனிமைப்படுத்தப்பட்டிருந்தன, வேலி போட்ட காப்பகங்கள் இல்லாவிட்டால் அனுப்ப விலங்கே கிடைத்திருக்காது. அதே வேலியின் ஒரு கம்பி இதைச் செய்கிறது.

ஊமிடம் கீழ்க் கம்பியை எடுத்துவிடலாம் என்றேன். பன்றி தோண்டினால் யார் அடைப்பது என்றார். நானும் ந்தாத்தேயும் வாரம் இரண்டு முறை நடந்து அடைக்கிறோம் என்றோம். ஒரு மாதம் யோசித்தார். அதற்குள் இன்னொன்று மாட்டியது, இந்த முறை ந்தாத்தே இருட்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். மெஷினை அணைத்துவிட்டு டார்ச் அடிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து முதலில் மூக்கு வெளியே வந்தது, காற்றை முகர்ந்தது, பிறகு மெதுவாகப் பிடி தளர்ந்தது. வால் தரையைத் தொட்ட பிறகும் ஒரு முன்னங்கை மட்டும் கம்பியை விடவில்லை. ந்தாத்தே விரலால் ஒவ்வொரு நகமாக எடுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஊமே வெட்டுக்குறட்டோடு வந்தார். பதினொரு கிலோமீட்டரையும் சுருட்ட நான்கு நாள் ஆனது. பக்கத்துப் பண்ணையில் அந்தக் கம்பி இன்னும் இருக்கிறது, இரவில் மட்டுமாவது அணைத்து வையுங்கள் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.