திருவிருந்துக்கு வரத் தயங்கும் மாமாவிடம் எப்படிப் பேசுவது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரமுங்க. பெருந்துறைப் பக்கம் இருக்கும் எங்கள் மாமா குடியை விட்டுவிட்டார். ஆனால் சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறு வந்தால் கடைசி பெஞ்சிலேயே தலை குனிந்து உட்கார்ந்துவிடுகிறார். “ஆண்டவர் மன்னிச்சாலும் ஊர் மறக்காது கண்ணு” என்கிறார். பாவத்தை அறிக்கையிட்டால் ஆண்டவர் மன்னிப்பார் என்னும் 1 யோவான் 1:9 வசனத்தைக் காட்டினேன். மன்னிப்பில் அவருக்குச் சந்தேகமே இல்லை, வெட்கம்தான் விடவில்லை.

சீடர் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது கரிநெருப்பு அருகே. உயிர்த்த இயேசு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டதும் கரிநெருப்பு அருகேதான் (யோவான் 18, 21). “என்னை நேசிக்கிறாயா” என்று மூன்று தடவை கேட்டு, ஆடுகளை மேய்க்கும் பொறுப்பையே கொடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? பிரசங்கம் மாதிரி ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். இப்படித் திரும்பி வந்தவர்கள், ஈரோடு, திருப்பூர் பக்கம் பொறுமையாகப் பேசும் ஆயர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க. அத்தை ரொம்பவும் ஏங்குகிறார்.