கல்லோயாப் பூங்காவைத் தொடங்கினது ஆர்? அணை கட்டின சபையா, வனசீவராசிகள் திணைக்களமா?

கல்முனைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மச்சான் ஒருத்தன் அமெரிக்காவில டென்னசியில இருக்கான். நொறிஸ் அணைக்குப் பக்கத்தில இருக்கிற மாநிலப் பூங்காவுக்குப் போய், பழைய மரக்குடிலுகளைப் படமெடுத்து அனுப்பினான். அணையைக் கட்டின சபையே அந்தப் பூங்காவையும் போட்டதாம். "உங்கட கல்லோயாவில இங்கினியாகல அணையும் இதைப் பார்த்துச் செய்ததுதானே, அப்ப உங்கட பூங்காவும் இப்பிடித்தான் வந்ததா?" எண்டு கேக்கான். நான் அங்க போனது வள்ளத்தில யானை பார்க்க மட்டும்தான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வட்டைவிதானை:
தம்பி, மச்சான் கேட்டது நல்ல கேள்வி. நான் நீர்ப்பாசனப் பக்கம் வேலை செய்தவன். எனக்கு யானைக்கு முதல் துருசும் (குளத்து மதகு) வண்டலும்தான் கண்ணில படும். அதையும் யோசிச்சுக்கொண்டு வாசியுங்க.

டென்னசி பள்ளத்தாக்கு அதிகார சபை 1933இல ரூஸ்வெல்ட் உண்டாக்கினது. கிளிஞ்ச் ஆத்துக்குக் குறுக்க நொறிஸ் அணை 1936இல முடிஞ்சுது. ஊர்ச்சனத்தை எழுப்பிப்போட்டுத்தான் தண்ணி கட்டினாங்க, அது எங்கயும் நடக்கிற கதை. அந்தக் காலம் வேலையில்லாமத் திரிஞ்ச பொடியன்களை அரசாங்கம் ஒரு படையாச் சேர்த்திருந்தது. அவங்களைக் கொண்டு கரையோரக் காணியில குடில், பாதை எல்லாம் போட்டாங்க. பூங்கா எண்டா இப்பிடி இருக்க வேணும் எண்டு மாநிலத்துக்குக் காட்டுற மாதிரிப் பூங்கா அது. டென்னசி மாநிலம் தனக்கெண்டு ஒரு திணைக்களம் வச்சுப் பூங்கா நடத்தத் தொடங்கினது 1937இல. ஆக, அங்க நோக்கம் சனம் வந்து தங்கி, குளிச்சு, மீன்பிடிச்சுப் போறது.

இங்க கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல வந்தது, டென்னசியைப் பார்த்துச் செய்ததுதான். பட்டிப்பளையாத்தை (கல்லோயா எண்டுறதும் இதைத்தான்) மறிச்சு இங்கினியாகலையில அணை கட்டினதும் மொறிசன் நுட்சன் எண்ட அமெரிக்கக் கொம்பனி. அப்ப அம்பாறை மாவட்டம் எண்டு ஒண்டில்ல, அது பிரிஞ்சது 1961இல. எல்லாம் மட்டக்களப்புத்தான்.

அணையைக் கட்டினா மேல இருக்கிற காட்டையும் பார்க்க வேணும். சேனைக்கு எண்டு வெட்டி எரிச்சா, மாரி மழைக்கு மண் கரைஞ்சு குளத்துக்க வந்திரும். குளம் தூர்ந்தா கீழ சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளில வெள்ளாமைக்குத் தண்ணி எங்கால வாறது? அதுக்காகத்தான் 1954 பெப்ரவரி 12இல அந்த அணையால உண்டான சேனநாயக்க சமுத்திரத்தைச் சுத்தியிருந்த 25,900 ஹெக்டேயர் அளவு காட்டைத் தேசியப் பூங்காவாக்கினாங்க. பொறுப்பு சபையிட கையில. உல்லாசப் பயணி எல்லாம் மறுகா வந்த கதை.

றத்துகலப் பக்கத்து வேடருக்கு அது வேட்டைக்காடு, தேன்காடு. பூங்கா எண்டு கோடு கீறினா உள்ள வேட்டையாடுறது குற்றம். பூங்காவைப் பத்திப் பேசுற ஆக்கள் இதை ஒரு வரியில தாண்டிப் போறது எனக்குப் பிடிக்கிறதில்ல. குடியேற்றம், 1956 கலவரம் எல்லாம் இன்னும் பெரிய கதை, இங்க அதை இழுக்கல்ல.

பொத்துவில் பிள்ளை:
ஐயா சொன்னது கல்லோயாவுக்குச் சரி. எங்கட தெற்குப் பக்கத்துக் கதை துவக்கிலதான் துவங்குது. 1894இல வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரும் வேட்டைக்காரரும் சேர்ந்து விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒண்டு வச்சாங்க. சுடுறதுக்கு மிருகம் மிஞ்ச வேணுமே! 1900இல யால ஒதுக்கக் காடாச்சு. அந்தக் காட்டிட முதலாவது காவலதிகாரி எங்கல்பிரெக்ட், போயர் யுத்தத்தில பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவந்த கைதி. பிரித்தானிய அரசருக்கு விசுவாசம் சொல்ல மாட்டன் எண்டு நிண்ட மனிசனுக்கு அதே அரசாங்கம் காட்டைக் காவல் காக்கக் குடுத்திருக்கு! வனசீவராசிச் சட்டம் 1937இல வந்தது. அதுக்குக் கீழதான் 1938இல யாலயும் வில்பத்துவும் தேசியப் பூங்காவானது. குமண வில்லு (சதுப்பு நீர்நிலை) அப்ப பறவைச் சரணாலயம் மட்டும். 1970இல கிழக்கு யாலப் பூங்கா எண்டு ஆக்கி, 2006இல குமண எண்டு பேர் மாத்தினாங்க.

உகந்தை முருகனைக் கும்பிட்டுப்போட்டுக் கதிர்காமத்துக்கு நடக்கிற சனம் இந்தக் காடுகளுக்குள்ளாலதான் காலங்காலமாப் போகுது. இப்ப காட்டுக்கதவு எப்ப திறப்பாங்க எண்டு பார்த்துக்கொண்டு உகந்தையில கிடக்க வேண்டியிருக்கு. அரிசி மூட்டையோட வந்த அம்மாக்களுக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டத்தை விளங்கப்படுத்த ஏலுமா?

கல்முனைக்காரன்:
ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. ஐயா, 1954இல வனசீவராசித் திணைக்களம் இருந்ததுதானே? பிறகென்ன சபையிட கையில விட்டது?

வட்டைவிதானை:
இருந்தது, ஆனா புதுசு. 1949 வரைக்கும் இந்த வேலையெல்லாம் வனத் திணைக்களத்தோடதான் கிடந்தது. அந்த வருஷம்தான் தனியாப் பிரிச்சாங்க. முதல் தலைவர் சி. டபிள்யூ. நிக்கலஸ், பழைய ஊர்களையும் குளங்களையும் தேடி ஆராய்ஞ்சு எழுதின அதே ஆள். சபைக்கோ மெசினும் ஆளும் பள்ளத்தாக்குக்குள்ளயே நிண்டது. 1960களின் நடுவில சபையிட அமைப்பு மாறேக்க பூங்காவைத் திணைக்களம் எடுத்தது.

லகுகலையையும் ஆரும் கேப்பீங்க. அது 1966இல சரணாலயம், 1980இல பூங்கா. 1,554 ஹெக்டேயர்தான், ஆனா வரட்சிக்குக் குளத்துப் புல்லுக்கு வாற யானை கொஞ்சமில்ல. அதை வேற இழையில எழுதுறன்.