.303 கேஸ் விரிசல்: குற்றம் துப்பாக்கியிலா, டையிலா?

கொழிஞ்சாம்பாறை தம்பி:
அண்ணன் ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தில் ஒரு பண்ணையில் இருக்கிறார். லைசன்ஸோடு பழைய லீ என்ஃபீல்ட் .303 வைத்துக் காட்டுப்பன்றி சுடுகிறார், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் (கேஸ்) மறுபடி மருந்தும் குண்டும் வைத்து அவரே ரீலோட் செய்கிறார். இப்போது சில கேஸ்களில் அடிவிளிம்புக்குக் கொஞ்சம் மேலே சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம், வேறு சிலவற்றில் கழுத்தில் நீளவாக்கில் விரிசல். ஒவ்வொரு தடவையும் கேஸைப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிற அச்சில், அதாவது டையில், முழுசாக அமுக்கித்தான் எடுக்கிறாராம். என்ன கோளாறு?

பட்டாளத்து ஐயா, பாலக்காடு:
ராணுவத்தில் ஆயுதப் பட்டறையில் இருந்தவன் சொல்கிறேன், அந்த வளையம் ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்டுக்கும் தோட்டா முட்டி நிற்கிற இடத்துக்கும் உள்ள இடைவெளி, கூடிப்போனதன் அடையாளம். லீ என்ஃபீல்டில் நம்பர் 4 மாடல் என்றால் தோட்டாவின் அடியைத் தாங்குகிற போல்ட் முனை (போல்ட் ஹெட்) 0 முதல் 3 வரை அளவுகளில் உண்டு, பெரிய அளவை மாட்டட்டும். அந்தக் கேஸ் மொத்தத்தையும் தூக்கிப் போடச் சொல்லுங்கள் தம்பி.

வேலந்தாவளம் லேத்:
ஐயா, இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. .303 அடிவிளிம்பில் நிற்கிற தோட்டா. சேறு படிந்தாலும் தோட்டா உள்ளே போக வேண்டும் என்று தோட்டா உட்காருகிற ராணுவ சேம்பரைத் தாராளமாகக் கடைந்திருக்கிறார்கள், அதனால் ஹெட்ஸ்பேஸ் அளக்கிற கேஜில் ரைபிள் சரியாக இருந்தாலும், கேஸ் கழுத்துக்குக் குறுகுகிற தோள் பக்கம் இடம் கிடக்கும். சுட்டதும் தோள் முன்னால் போகிறது, டை அதைத் திரும்பப் பின்னால் தள்ளுகிறது, அடுத்த வெடிக்கு மறுபடி முன்னால். அந்த நீட்சிக்கான பித்தளை எல்லாம் அடிக்குச் சற்று மேலே இருந்துதான் போகிறது, அந்த இடம் மெலிந்து கடைசியில் கேஸ் இரண்டாகப் பிரியும். போல்ட் ஹெட் விளிம்பின் இடைவெளியைத்தான் குறைக்கும், தோளுக்கு எதுவும் செய்யாது. இனிமேல் கழுத்தை மட்டும் டையில் அமுக்கி சைஸ் செய்யட்டும், அந்தக் கேஸை அந்த ஒரு ரைபிளில் மட்டும் போடட்டும்.

பட்டாளத்து ஐயா:
சரி, ரீலோடே செய்யாத கம்பெனித் தோட்டாவில் முதல் வெடியிலேயே வளையம் தெளிவாக வந்தால்? அப்போது டை எங்கே வந்தது? கேஜ் போடாமல் டையைக் குற்றம் சொல்லாதீர்கள்.

மீனாட்சிபுரத்தான்:
கழுத்தை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்களே. பல தடவை சுட்டு, சைஸ் செய்து இறுகிப்போன பித்தளை கீறும், அது சாதாரணம். ஆனால் சுடாமல் வைத்த தோட்டாவிலேயே விரிசல் என்றால் அமோனியா. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்கள் சும்மா கிடந்தபடியே விரிசல் விட்டன, குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்பது 1921-இல்தான் தெளிவானது. உங்கள் அண்ணன் மாட்டுக் கொட்டகையிலோ உரமூட்டைப் பக்கத்திலோ வைக்கிறாரா? அமோனியா கலந்த பாலிஷ் போடுகிறாரா?

வேலந்தாவளம் லேத்:
நல்ல கேள்வி. விரிசல் விழாத கழுத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தலாம், ஆனால் அடிப்பக்கம் சூடு ஏறவே கூடாது, அது இளகினால் ஆபத்து. வளையம் வந்தது குப்பைக்கு. மற்றவற்றில் நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுக்கட்டும், பள்ளம் தட்டினால் அதுவும் போச்சு. சந்தேகம் இருந்தால் ஒன்றை நெடுக அறுத்துப் பார்க்கட்டும்.

பட்டாளத்து ஐயா:
கம்பியில் தட்டாததையும் நான் போடமாட்டேன். எல்லாம் ஒரே டையில் அமுங்கியவைதானே? அடி பிய்ந்தால் வாயு சுடுகிறவன் முகத்துக்குத்தான் வரும், கேஸ் விலையா பெரிது?

கொழிஞ்சாம்பாறை தம்பி:
பாலிஷ் பற்றி அண்ணனிடம் கேட்கிறேன். ஒரு புதுத் தோட்டாவைச் சுட்டு அந்தக் கேஸைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லட்டுமா?

பட்டாளத்து ஐயா:
முதலில் கேஜ். அது சரியாக இருந்தால் சுடட்டும்.