ரோமானியக் கண்ணாடிக் குப்பிகள்: கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

விற்பனைக்கு வரும் சின்னத் தைலக் குப்பிகளில் முதலில் கண்ணை இழுப்பது வானவில் மினுக்கம். அதை யாரும் பூசவில்லை. மண்ணில் புதைந்து கிடந்தபோது ஈரம் கண்ணாடியின் சோடாவை அரித்தெடுக்க, மேற்பரப்பு வெங்காயச் சருகுபோல ஏடு ஏடாகப் பிரிந்துவிடுகிறது. அந்த ஏடுகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது நிறங்கள் தெரிகின்றன. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அசல் என்றால் ஏட்டின் ஓரம் உரிந்து நிற்கும், உரிந்த இடத்தில் பொடிக் குழிகள் இருக்கும், உள்பக்கமும் அரித்திருக்கும். போலியில் பெரும்பாலும் வெளியே மட்டும் ஒரே சீரான மினுக்கம். பசையில் ஒட்டிய தூள். அசிட்டோன் நனைத்த பஞ்சுக்குச்சியை அடியில் ஒற்றினால் பசை இளகும்.

*

அசிட்டோனை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உதிரும் ஏடுகளை நிறுத்த அருங்காட்சியகங்களில் பூசும் பாரலாய்டு பி-72 பிசினும் அசிட்டோனில் கரையும். அசல் குப்பியைப் போலி என்பீர்கள், ஏடும் பஞ்சோடு வந்துவிடும். இருட்டில் புற ஊதா விளக்கு அடிப்பதே மேல். ஒட்டுப் பிசின் பெரும்பாலும் கண்ணாடியிலிருந்து வேறுபட்டு ஒளிரும். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் வளையமாக ஒளிர்ந்தால், ஒரு குப்பியின் கழுத்தை இன்னொன்றின் உடலில் பொருத்தியிருக்கலாம்.

வாயை வடிவமைக்கும்போது குப்பியைப் பிடிக்க அடியில் ஒட்டிய இரும்புக்கோலை ஒடித்தெடுத்த வடு இல்லையே என்று ஒதுக்கவும் வேண்டாம். கி.பி. 1-ம் நூற்றாண்டுக் குப்பிகள் பலவற்றில் அது இருக்காது.

*

வாங்கியபின் கழுவவே கூடாது. நனைந்ததும் ஏடுகளுக்கிடையே நீர் புகுந்து மினுக்கம் மறையும், அழுக்குப் போய்விட்டது என்று தோன்றும். காயும்போது ஏடுகள் உதிரும், அவற்றைத் திரும்ப ஒட்ட வழியில்லை. மென்தூரிகை போதும், அதுவும் உறுதியான பரப்பில் மட்டும். கழுத்தைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுங்கள். அலமாரியில் ஈரப்பதம் 45 சதவீதத்தை ஒட்டி, ஏறி இறங்காமல் இருக்கட்டும். சூடாகும் விளக்கு வேண்டாம்.

எங்கிருந்து, எப்போது வந்தது என்று காட்டும் காகிதம் இல்லாத குப்பி எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். சிரியாவிலிருந்து 2011 மார்ச் 15-க்குப் பிறகும் ஈராக்கிலிருந்து 1990 ஆகஸ்ட் 6-க்குப் பிறகும் சட்டவிரோதமாக வெளியேறிய தொல்பொருள்களின் வணிகத்தை ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2199-ம் தீர்மானம் (2015) தடுக்கிறது. இந்தக் குப்பிகளில் ஏராளமானவை சிரியா, லெபனான் கரையோரம் ஊதப்பட்டவை. "பழைய ஐரோப்பியத் தொகுப்பு" என்ற வாய்ச்சொல் சான்றாகாது. ஆண்டு போட்ட ரசீதோ, அதே குப்பியின் படம் அச்சான ஏலப் பட்டியலோ கேளுங்கள். படத்தில் உள்ள குமிழியும் கீறலும் கையிலிருப்பதோடு பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.