பொதுநன்மை என்று அரசு சொன்னால் போதுமா?

செங்கோல்:
பொதுநன்மையைச் சொல்லித்தான் எல்லா அரசுகளும் கையை முறுக்குகின்றன என்று ஒரு நண்பர் வாதிட்டார். எனக்கு ஒப்புதல் இல்லை. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹாப்ஸ், வலுவான ஒரே அதிகாரம் வேண்டும் என்று வாதிடும் தன் 'லெவியதான்' நூலை வெளியிட்ட 1651-இல், இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பே மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். கடைசி வார்த்தை சொல்ல ஒருவர் இல்லாத நாட்டில் பொதுநன்மை எங்கிருந்து வரும்? முதலில் வெட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

கரைவழி:
கதையைப் பாதியிலிருந்து தொடங்குகிறீர்கள் நண்பரே. அந்தப் போருக்கு முன் புகைந்தவற்றில் ஒன்று கப்பல் வரி. போர் வந்தால் கடலோர ஊர்கள் கப்பல் தர வேண்டும் என்பது பழைய வழக்கம். முதலாம் சார்லஸ் 1634-இல் அமைதிக் காலத்திலேயே கேட்டார். அடுத்த வருடம் கடலே இல்லாத மாவட்டங்களுக்கும் நீட்டினார். நாடாளுமன்றத்தைக் கேட்கவே இல்லை. சொன்ன காரணம், நாட்டின் பாதுகாப்பு.

ஜான் ஹாம்டன் 20 ஷில்லிங் கட்ட மறுத்தார். பெரிய நிலக்காரர், அது அவருக்குத் தூசு. ஆனாலும் வழக்காடினார். 1638-இல் 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம் நின்றார்கள். ஆபத்து உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் மன்னர் மட்டுமே என்பது தீர்ப்பின் சாரம். ஆபத்து என்று கூவுபவரும் அவர்தான், பணத்தை வாங்குபவரும் அவர்தான்!

செங்கோல்:
சரி, 1641-இல் நாடாளுமன்றம் கப்பல் வரியை ஒழித்தது. அதே நாடாளுமன்றம் 1643-இல் கலால் வரி கொண்டுவந்ததே? பீரில் தொடங்கி இறைச்சி, உப்பு வரை போனது. அதற்கும் காரணம் நாட்டின் பாதுகாப்புதான். மன்னர் கேட்டால் கொள்ளை, உங்கள் ஆட்கள் கேட்டால் நியாயமா?

பழங்கணக்கு:
குறுக்கே வருகிறேன். இரண்டு பேரும் யார் முடிவெடுப்பது என்றே பேசுகிறீர்கள். எதை வைத்து என்று கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தின் 1848 பொதுச் சுகாதாரச் சட்டப்படி, ஒரு ஊரில் ஆயிரத்துக்கு 23 பேருக்கு மேல் இறந்தால், ஊர்க்காரர்கள் விரும்பாவிட்டாலும் அங்கே சுகாதார வாரியம் அமைக்கலாம். இறப்புப் பதிவேட்டை யாரும் எண்ணிப் பார்க்கலாம். மன்னரின் மனத்தில் இருக்கும் ஆபத்தை எப்படி எண்ணுவது?

செங்கோல்:
அந்த 23 என்பது ஏழு வருடச் சராசரி ஐயா! காலரா ஏழு நாளில் வேலையை முடித்துவிடும். நீங்கள் பதிவேட்டைப் புரட்டி முடிப்பதற்குள் புரட்ட ஆளிருக்காது.

கரைவழி:
இது நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். கலால் வரியும் எனக்கு இனிக்கவில்லை. ஆனால் அவசர அதிகாரமே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? ரோமக் குடியரசு ஆபத்துக் காலத்தில் ஒருவருக்குச் சர்வாதிகாரம் கொடுத்தது. அதிகபட்சம் ஆறு மாதம். அவரை நியமித்தவர் கான்சல் என்ற ஆட்சித் தலைவர், அவரே தன்னை நியமித்துக்கொள்ளவில்லை.

செங்கோல்:
கிமு 44-இல் சீசர் அதை ஆயுள் பதவி ஆக்கிக்கொண்டார். ஆறு மாத வரம்பு எங்கே போனது?

கரைவழி:
வரம்பு இருந்ததால்தான் அவர் அதை மீறினார் என்று நீங்களே சொல்ல முடிகிறது. ஹாம்டன் வழக்கில் அந்த 7 நீதிபதிகள் மீறுவதற்கு ஒரு எல்லைக்கோட்டைக்கூட விட்டுவைக்கவில்லை.