மான்செஸ்டர் கோர்ட்டன் பேட்டை: நம்ம மலை ரயிலின் முதல் எஞ்சின்கள் பிறந்த இடம் பற்றி விவரம் தேவை

பர்லியார் வளைவு:

வணக்கம். குன்னூரில் மாணவர்களுக்கான ரயில் கண்காட்சிக்கு 6 அடிக்கு 4 அடி ஃப்ளெக்ஸ் தட்டி ஒன்று தயாராகிறது. 1899 ஜூனில் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை திறந்தபோது பல்தண்டவாளத்தில் (எஞ்சினின் பல்சக்கரம் கடித்து ஏறும் பல் போட்ட நடுத் தண்டவாளம்) ஏறிய முதல் எஞ்சின்கள் மான்செஸ்டர் பேயர் பீகாக் கம்பெனியுடையவை. பிறகு வந்த எக்ஸ் வகை எஞ்சின்களுக்குப் பிறந்த வீடு சுவிட்சர்லாந்தின் வின்டர்த்தூர். வின்டர்த்தூர் பற்றி நிறையப் பேர் எழுதிட்டாங்க. பேயர் பீகாக் இருந்த கோர்ட்டன் பேட்டையைப் பற்றித் தமிழில் எங்கள் கண்ணில் எதுவும் படவில்லை.

அந்த இடம் ஏன் தொழிற்பேட்டை ஆனது, தொழிலாளர்கள் எப்படி இருந்தார்கள், ஏன் மூடினார்கள், பழைய வரைபடம் எங்கே கிடைக்கும்? இவ்வளவுதான் கேள்வி. முதல் வரைவில் "கோர்ட்டன் பஞ்சாலைத் தொழிலாளர்கள் எஞ்சின் தொழிலுக்கு மாறினார்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. சரிதானா?

வெலிங்டன் வாத்தியார்:

அந்த வரியை முதல்ல எடுத்துடுங்க. மான்செஸ்டர் என்றாலே பஞ்சாலை என்று நினைப்பதால் வருகிற தப்பு அது. பஞ்சாலைப் பேட்டை என்றால் ஆன்கோட்ஸ். அது நகரின் மையத்தை ஒட்டியே இருக்கிறது, 1790களிலிருந்து நீராவியில் ஓடிய ஆலைகள் அங்கே. கோர்ட்டன் அதற்கும் கிழக்கே. ரயில் வரும்வரை அது கிராமம். தறியும் தொப்பித் தொழிலும் வீடுகளில் நடந்தன. பட்டறைகளுக்கு வந்தவர்களில் ஃபிட்டர், டர்னர், பாய்லர் கட்டுகிறவர், வார்ப்புக்காரர் என்று கைத்தொழில் படித்தவர்கள் அதிகம். அவர்கள் வேற ஊர்ப் பட்டறைகளிலிருந்து வந்தவர்கள். பஞ்சாலைக்குப் போனது பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பெண்கள்.

அடுத்த குழப்பம் இன்னும் பெரிசு. கோர்ட்டனில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என இரண்டு எஞ்சின் தொழிற்சாலைகள் இருந்தன. 1848ல் திறந்தது ரயில்வேயின் சொந்தப் பட்டறை. மான்செஸ்டர்–ஷெஃபீல்ட் பாதையை நடத்திய கம்பெனிக்காக அதை அமைத்தவர் அதன் எஞ்சின் கண்காணிப்பாளர் ரிச்சர்ட் பீகாக். ஊர்க்காரர்கள் அதை "டேங்க்" என்பார்கள். 1854ல் அதே பீகாக், ஜெர்மனியின் சாக்ஸனியிலிருந்து வந்த வடிவமைப்பாளர் சார்லஸ் பேயருடனும் ஹென்றி ராபர்ட்சனுடனும் சேர்ந்து எதிர்ப்பக்கம் தொடங்கியது தனியார் தொழிற்சாலை, கோர்ட்டன் ஃபவுண்டரி. முதல் எஞ்சின் 1855ல் வெளியே வந்தது. நம்ம மலைக்கு வந்தவை ஃபவுண்டரியில் கட்டியவை. இணையத்தில் "கோர்ட்டன் ஒர்க்ஸ்" என்று தேடினால் வரும் படங்களில் பாதி டேங்க்தான். தலைப்பைப் பார்க்காமல் எடுத்து ஒட்டிடாதீங்க.

ஏன் அங்கே? நிலம் மலிவு. நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்ததால் விரிவாக்கத்துக்கு இடம் தாராளம். ரயில் பாதை வாசலிலேயே. நிலக்கரி ஆஷ்டன் கால்வாய் வழியாக 1790களின் கடைசியிலிருந்தே அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. பக்கத்து பிராட்ஃபோர்டில் நிலக்கரிச் சுரங்கமே இருந்தது. (இது யார்க்‌ஷயரில் இருக்கிற பிராட்ஃபோர்ட் நகரம் அல்ல. மான்செஸ்டருக்குள்ளேயே அதே பெயரில் ஒரு பேட்டை.) பட்டறைகள் வந்த பிறகு நகரம் எல்லையை நீட்டிப் பிடித்தது: 1885ல் பிராட்ஃபோர்ட், 1890ல் ஓப்பன்ஷாவும் மேற்கு கோர்ட்டனும், மிச்ச கோர்ட்டன் 1909ல்.

வீடுகளைப் பற்றி எழுதும்போது நம்ம எஸ்டேட் லைன் வீடு மாதிரி என்று எழுதத் தோன்றும். வரிசையாக ஒட்டிய வீடு என்பது வரைக்கும் சரி. ஆனால் லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம், வேலை போனால் வீடும் போகும். கோர்ட்டனில் பெரும்பாலான வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டது சில்லறைக் கட்டடக்காரர்களும் சின்ன முதலாளிகளும். பட்டறை மாறினாலும் வீடு மாறத் தேவையில்லை. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, பின்னால் சின்ன முற்றம், முற்றத்துக் கோடியில் கழிப்பிடம், அதற்குப் பின்னால் மலம் அள்ளும் வண்டி வந்துபோக ஒரு சந்து. முதுகோடு முதுகு ஒட்டிய, பின்வாசலே இல்லாத வீடுகளுக்கு மான்செஸ்டரில் 1844லேயே கிட்டத்தட்ட தடை வந்துவிட்டது. அதற்குப் பிறகு வளர்ந்த பேட்டை என்பதால் கோர்ட்டன் வீடுகள் ஆன்கோட்ஸ் வீடுகளைவிட ஒரு படி மேல். புகை மட்டும் இரண்டுக்கும் பொது.

வேலை நேரம்: 1870களின் தொடக்கத்தில் எஞ்சினியரிங் தொழிலில் வாரம் 54 மணி நேரம் நிலைத்தது. எட்டு மணி நேரக் கோரிக்கையை வைத்து 1897–98ல் நாடு தழுவிய கதவடைப்பு நடந்து தொழிற்சங்கம் தோற்றது. இத்தனைக்கும் பக்கத்து சால்ஃபோர்டில் மாத்தர் அண்ட் பிளாட் 1893லேயே 48 மணி நேரத்துக்கு மாறிக் காட்டியிருந்தது. மற்ற முதலாளிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1919 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமை மதியம் கிடைத்த விடுப்பில்தான் கால்பந்து வளர்ந்தது. 1880ல் மேற்கு கோர்ட்டன் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் தொடங்கிய அணிதான் 1894ல் மான்செஸ்டர் சிட்டி. மாணவர்கள் நின்று படிக்கப்போகிற வரி இதுதான், எழுத்தைப் பெரிசா போடுங்க.

பேயர் ஆங்கிலிகன் தேவாலயங்களுக்குப் பணம் கொடுத்தார். பீகாக் 1871ல் புரூக்ஃபீல்டில் யூனிட்டேரியன் தேவாலயம் கட்டினார். 1885ல் கோர்ட்டன் தொகுதியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரும் அவரே. கத்தோலிக்கர்களுக்கு ஃபிரான்சிஸ்கன் துறவிகளின் மடாலயம். எட்வர்ட் வெல்பி பியூஜின் வடிவமைத்தது, 1872ல் முடிந்தது, இன்றும் நிற்கிறது.

கோத்தகிரி ஃபிட்டர்:

வாத்தியார் சார் ஊரைச் சொல்லிட்டார். பக்கத்திலேயே ஓப்பன்ஷா இருக்குங்க, அதை விட்டுட்டா தட்டி முழுசாகாது. ஜோசப் விட்வொர்த் 1880ல தன் பட்டறையை அங்கதான் மாத்தினார். 1841ல அவர் முன்வெச்ச 55 டிகிரி மரைதான் (போல்ட், பைப்ல இருக்கிற திருகுப் பள்ளம்) நம்ம ஊர் பழைய ஃபேக்டரி மெஷின்கள்ல இன்னிக்கும் இருக்கு. வீட்டு ஜிஐ பைப்பும் அதே வம்சந்தான். அரை இஞ்சு பைப் மரை 55 டிகிரி, இஞ்சுக்கு 14 முகடு.

கிராஸ்லி எஞ்சினும் ஓப்பன்ஷாதான். ஜெர்மனிக்காரர் நிக்கோலஸ் ஓட்டோவோட காப்புரிமையை 1869ல வாங்கி, 1876க்கு அப்புறம் ஃபோர் ஸ்ட்ரோக் கேஸ் எஞ்சின், பிறகு ஆயில் எஞ்சின்னு போனாங்க. ஆனா தேயிலை ஃபேக்டரிப் படத்தை எல்லாம் மான்செஸ்டர் கணக்குல சேர்த்துடாதீங்க. மார்ஷல் ரோலர் லிங்கன்‌ஷயர்ல கெயின்ஸ்பரோ. சிராக்கோ டிரையர் பெல்ஃபாஸ்ட்.

பாய்லர் ஷாப்பைப் பற்றி ஒரு கட்டம் போடுங்க, பசங்களுக்குப் பிடிக்கும். ரிவெட்டை உலையில பளிச்சுன்னு மஞ்சளாகுற வரை காய்ச்சி, ரிவெட்டைவிட 1/16 இஞ்சு பெரிய ஓட்டையில விட்டு, உள்பக்கம் ஒருத்தர் கனமான இரும்பை முட்டுக் கொடுப்பார். வெளிப்பக்கம் ரெண்டு பேர் மாத்தி மாத்தி அடிச்சுத் தலை கட்டுவாங்க. சூடு குறைஞ்சு அடிச்சா ரிவெட் ஓட்டையை நிரப்பாது, ஆவி கசியும். அதைவிட மோசம், நீல நிறம் வந்த சூட்டுல அடிக்கிறது. அந்தச் சூட்டுல இரும்பு நொறுங்குற குணத்துக்கு வந்துடும், தலை பிற்பாடு தெறிக்கும். ஹைட்ராலிக் ரிவெட்டர் வந்ததும் ஒரே அழுத்தா அழுத்தி, சிவப்பு மறையுற வரை பிடிச்சுக்கும், தகடு எழும்பாது. கடைசியா தகட்டு ஓரத்தை மழுங்கின உளியால தட்டிக் கசிவை அடைப்பாங்க. உள்ளே முட்டுக் கொடுக்கிறவருக்குக் காது போயிடும். பாய்லர்காரன் செவிடுன்னு அந்தக் காலத்து டாக்டர்களே பெயர் வெச்சிருந்தாங்க.

தட்டியில பேயர் பீகாக் பித்தளைப் பட்டயம் (எஞ்சின்ல மாட்டுற கம்பெனிப் பெயர்த் தகடு) படம் போடுறதா இருந்தா ரெண்டு விஷயம் பாருங்க. கம்பெனி லிமிடெட் ஆனது 1883ல, அதனால "லிமிடெட்"னு பொறிச்ச பட்டயத்துல அதுக்கு முந்தின வருஷம் இருந்தா நகல்னு வெச்சுக்கலாம். பட்டயத்தை மட்டும் வெச்சு எஞ்சினை அடையாளம் சொல்லவும் முடியாது, திருகைக் கழட்டி வேற எஞ்சின்ல மாட்டிடலாம். சக்கரத்தை ஓட்டுற கனெக்டிங் ராடு, சக்கரங்களை இணைக்கிற கப்லிங் ராடுல அடிச்சிருக்கிற நம்பரையும் ஒத்துப் பாக்கணும். ஓவர்ஹால்ல ராடு மாறியிருக்கும், அதனால நாலஞ்சு இடத்துல எது அதிகமா வருதோ அதை எடுத்துக்கணும். பாய்லர் நம்பர் தனிக் கணக்கு, அதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

ஊட்டி வக்கீல்:

ஒரு சின்னச் சேர்க்கை. சட்டக் கல்லூரியில் எல்லாரும் படிக்கிற ஆஷ்பரி எதிர் ரிச் வழக்கு (1875) இந்தப் பேட்டையுடையது. ஆஷ்பரி ஓப்பன்ஷாவில் ரயில் பெட்டி கட்டிய கம்பெனி. பெல்ஜியத்தில் ரயில் பாதை போடும் வேலைக்கு நிதி தர ஒப்பந்தம் போட்டது. கம்பெனியின் நோக்கப் பட்டியலில் அது இல்லாததால் ஒப்பந்தமே செல்லாது, பங்குதாரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்டாலும் செல்லாது என்றது அன்று பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை. நம் உச்ச நீதிமன்றம் 1963ல் லக்ஷ்மணசுவாமி முதலியார் எதிர் எல்ஐசி வழக்கில் நின்றதும் இதே கோட்பாட்டில்.

மூடியதற்கான காரணத்துக்கும் ஒரு சட்ட வேர் உண்டு. 1876ல் தனியார் எஞ்சின் கம்பெனிகள் நீதிமன்றம் போய், ரயில்வேக்கள் தங்கள் பட்டறையில் பிறருக்கு எஞ்சின் கட்டி விற்கக் கூடாது என்று தடை வாங்கின. ஆனால் ரயில்வே தனக்கே கட்டிக்கொள்வதை அந்தத் தடை தொடவில்லை. பெரிய ரயில்வேக்கள் எல்லாம் அதைத்தான் செய்தன. தனியாருக்கு மிஞ்சியது பெரும்பாலும் ஏற்றுமதிச் சந்தை.

வெலிங்டன் வாத்தியார்:

வக்கீல் சார் சொன்ன அந்தப் புள்ளியைத்தான் தட்டியின் நடுவில் வைக்கணும். கோர்ட்டன் ஃபவுண்டரி தன் காலம் முழுக்கக் கட்டியது ஏறத்தாழ 8,000 எஞ்சின்கள். அதன் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது கேரட் (Garratt) வகை எஞ்சின். முன்னும் பின்னும் இரண்டு சக்கரத் தொகுதி, நடுவில் தொங்கும் பாய்லர். வளைவும் ஏற்றமும் உள்ள, லேசான தண்டவாளம் போட்ட பாதைக்கு அது பொருந்தும். முதல் கேரட் 1909ல் டாஸ்மேனியாவுக்குப் போனது. டார்ஜீலிங் மலைப் பாதைக்கும் ஒன்று வந்தது. வங்காள–நாக்பூர் ரயில்வேயின் பெரிய கேரட் ஒன்றை டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இப்போதும் பார்க்கலாம்.

வாங்கிய நாடுகள் சொந்தமாகக் கட்டத் தொடங்கியதும் கதை முடிந்தது. நம்ம சித்தரஞ்சன் 1950ல் எஞ்சின் கட்ட ஆரம்பித்தது. மற்ற நாடுகள் டீசலுக்குத் தாவின. கோர்ட்டனின் கடைசி நீராவி எஞ்சின்கள் 1958ல் வெளியேறின. டீசலில் அவர்கள் பிடித்தது ஹைட்ராலிக் வகை, அதாவது எஞ்சினின் விசை எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குப் போவது. பிரிட்டிஷ் ரயில்வே மேற்கு மண்டலத்துக்கு 101 ஹைமெக் எஞ்சின்கள் கட்டிக் கொடுத்தார்கள். ரயில்வே பிறகு மின்சாரக் கடத்தல் வகை டீசலையே வைத்துக்கொண்டது. என் கணக்கில், நீராவியைத் தாமதமாக விட்டதைவிட இந்தத் தேர்வுதான் அவர்களை முடித்தது. டேங்க் 1963ல் மூடியது, ஃபவுண்டரி 1966ல், பிராட்ஃபோர்ட் சுரங்கம் 1968ல். ஐந்து வருஷத்தில் மூன்று பெரிய வேலைவாசல்கள் போயின. அதே காலத்தில் வரிசை வீடுகளையும் இடித்துக் கான்கிரீட் பலகை அடுக்குமாடி கட்டினார்கள். அதில் பல கட்டடங்கள் இருபது வருஷம்கூட நிற்கவில்லை. பலகை மூட்டுகளில் நீர் இறங்கியது.

சிட்டியின் எட்டிஹாட் மைதானம் ஃபவுண்டரி நிலத்தில் நிற்பதாகச் சிலர் எழுதுவார்கள். அது பிராட்ஃபோர்ட் பக்கம். டேங்க் இருந்த இடத்தில் இன்று மொத்தக் காய்கறிச் சந்தை. ஃபவுண்டரிக் கட்டடத்தில் ஒரு பகுதி மாநகராட்சிப் பணிமனை.

சிம்ஸ்பார்க் வரைபடம்:

வரைபடத்துக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளம் போங்க, இலவசம். ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டன் அரசின் நில அளவைத் துறை) 25 இஞ்சு வரிசை, லங்காஷயர் கவுண்டி, கோர்ட்டன் என்று தேடணும். அளவு 1:2500, அதாவது 1 செ.மீ. 25 மீட்டர். தட்டியில் 60 செ.மீ. ஒதுக்கினால் ஒன்றரை கிலோமீட்டர் வரும், இரண்டு பட்டறையும் நடுவில் தண்டவாளமும் அடங்கிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெரிசாக்கினால் ஃப்ளெக்ஸில் எழுத்து கரையும். உச்ச ஜூமில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுங்க. பயன்பாட்டு நிபந்தனையைப் படிச்சு, நன்றி வரியும் போட்டுடுங்க.

பேயர் பீகாக்கின் வரைபடங்கள், ஆர்டர் புத்தகங்கள், படங்கள் எல்லாம் மான்செஸ்டர் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கு. மின்னஞ்சல் எழுதும்போது "நீலகிரி எஞ்சின்" என்று மட்டும் கேட்காம, வருஷத்தையும் மீட்டர் கேஜ், பல்சக்கரம் என்பதையும் சேர்த்துக் கேளுங்க. தெரு வாரியா யார் என்ன வேலை என்று காட்டணும்னா குடிக்கணக்கு (சென்சஸ்). 1841 முதல் 1921 வரை பார்க்கலாம். 1931 கணக்கு தீயில் போச்சு, 1941ல் எடுக்கவே இல்லை. 1909க்கு முந்தைய பதிவில் மான்செஸ்டர் நகரத்துக்குள் தேடினா கோர்ட்டன் சிக்காது.

பர்லியார் வளைவு:

எல்லாருக்கும் நன்றி. பஞ்சாலை வரி போயாச்சு. ஃபிட்டர் அண்ணே, தட்டிக்குக் கீழே மேசையில் ஒரு விட்வொர்த் போல்ட் வைக்கலாம்னு யோசனை. பழைய இரும்புக் கடையில் வாங்கினால் அது விட்வொர்த்தான்னு எப்படிப் பார்க்கிறது?

கோத்தகிரி ஃபிட்டர்:

அரை இஞ்சு போல்ட்டா பார்த்து வாங்குங்க. கால், 3/8, 5/8 எல்லாத்துலயும் அமெரிக்க மரையும் இஞ்சுக்கு அதே எண்ணிக்கை, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அரை இஞ்சுல மட்டும் விட்வொர்த் 12, அமெரிக்க மரை 13. ஸ்கேலை ஒட்டி வெச்சு ஒரு இஞ்சுக்குள்ள முகடு எண்ணினாலே போதும். விட்வொர்த் முகடும் பள்ளமும் உருண்டையா இருக்கும், அமெரிக்க மரை முகடு தட்டையா இருக்கும். ஸ்பேனரும் பக்கத்துல வைக்கிறதா இருந்தா 1/2 W போட்டது வேணும். அந்த நம்பர் போல்ட்டோட தடிமன், வாய் அகலம் இல்ல. பழைய அளவுல வாய் 0.92 இஞ்சு, 23.4 மி.மீ. பசங்க 24 மாட்டித் திருகினா மூலை மழுங்கிடும், 23 உள்ளேயே போகாது. போல்ட்டை டீசல்ல ஊறவெச்சு வயர் பிரஷ் போடுங்க, கிரைண்டர்ல மட்டும் காட்டிடாதீங்க, முகடு போயிடும்.