உறைபனியில் ஊட்டி பூங்கா: அம்மாவோடு ஒரு காலை

ஊட்டிக்குப் பூப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் மே மாதம்தான் வருவார்கள். நான் குன்னூரில் குடியிருப்பவள். தூத்துக்குடியிலிருந்து அம்மா வந்ததோ ஜனவரியில். "இப்ப போய் என்னத்தைப் பார்க்கப் போறீங்க, பூவே இருக்காதே" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அம்மா கேட்கவில்லை. ஊரில் எங்களுக்குப் பூங்கா என்றால் கடற்கரைச் சாலை ரோச் பூங்காதான், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகுதான் போக முடியும். "காலையிலேயே பூங்காவுக்குப் போகலாம்னா போயிருவோமே" என்றாள்.

காலை 7 மணிக்குத் தாவரவியல் பூங்காவைத் திறந்ததும் உள்ளே போய்விட்டோம். பெரிய புல்வெளி முழுக்க வெள்ளை. அம்மா அப்படியே நின்றுவிட்டாள். "ஏட்டி, உப்பளம் மாதிரில்லா கிடக்கு!" குனிந்து ஒரு புல்லைத் தொட்டாள். விரல் பட்ட இடம் மட்டும் பச்சையாகி, நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது.

கால் வைக்கப் போனவளை, தூரத்தில் வேலையாக இருந்த ஓர் அக்கா ஓடிவந்து தடுத்தார். "மிதிச்சிராதீங்கம்மா. உறைஞ்ச புல்லு மேல கால் வெச்சா ஒடிஞ்சு, அந்தத் தடம் அப்படியே கருகிரும்." வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைத்துவிடுவார்களாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழாயைத் திறந்தார்கள்.

பாத்திகளில் பூவுக்குப் பதிலாகக் காய்ந்த குச்சிகள் குத்தி வைத்திருந்தார்கள். குப்பை என்றுதான் முதலில் நினைத்தேன். அது கோத்தகிரி மிலார். உறைபனி நேராகச் செடிமேல் படியாமல் இருக்க, சின்னச் செடிகளுக்குக் கூரை மாதிரி சாய்த்து வைக்கிறார்கள். அந்த அக்கா ஒன்றை விலக்கிக் காட்டினார். அடியில் விரல் நீளத்தில் ஒரு நாற்று, இலையில் பனியே இல்லை. மேலே இருந்த குச்சி மட்டும் வெள்ளையாக இருந்தது. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மேகம் இல்லாத இரவில்தான் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும், குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தங்கும், அதனால் கீழ்ப் பகுதியில்தான் பனி அதிகம் என்று அக்கா விளக்கினார். இந்தக் கீழ்ப் பகுதி ஒரு காலத்தில் சதுப்பு நிலம். 1848-ல் இங்கே வந்த மெக்ஐவர் என்ற தோட்டக் கலைஞர் தண்ணீரை வடியவைத்து, சரிவைப் படிப்படியாகத் திருத்தித்தான் இதைப் பூங்காவாக்கினார். அதற்கு முன் இங்கே வெள்ளைக்காரர்களுக்காகக் காய்கறி போட்டிருந்தார்கள் என்றதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நம்ம வீட்டுக் கொல்லை மாதிரிதான் ஆரம்பிச்சிருக்கு."

2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரத்தைப் பார்த்தோம். தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான தோடர் மந்து உச்சியில் இருக்கிறது, முழங்கால் வலியோடு அம்மாவால் ஏற முடியவில்லை. வயதானவர்களைக் கூட்டிவருகிறவர்கள் கீழ்ப் புல்வெளியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் போனால் இன்னும் கவனம் வேண்டும்: உள்ளே போகும்போது இறக்கம் என்பதால் சுகமாக இருக்கும், திரும்பும்போது மொத்தமும் ஏற்றம்.

பத்து மணிக்குக் கூட்டம் வந்தது. "டிக்கெட் எடுத்தது வேஸ்ட், ஒரு பூகூட இல்லை" என்று ஒரு குடும்பம் சலித்துக்கொண்டு போனது. எனக்கு மனசு கேட்கவில்லை, கூப்பிட்டு மிலாருக்கு அடியில் பார்க்கச் சொன்னேன். அவர்கள் வீட்டுச் சின்னப் பெண் மட்டும் குனிந்து பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். மே மாதக் கண்காட்சிக்கு அடுக்குகிற ஆயிரக்கணக்கான தொட்டிகளும் இந்தக் குளிரைத் தாண்டி வரும் வேலையில்தானே பிறக்கின்றன! கண்காட்சிக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். அன்றைக்குப் பார்த்த அளவுக்கு ஒரு செடியைக்கூட நின்று பார்த்ததில்லை.

கிளம்பும்போது அம்மா ஒரு ஜெரேனியம் பூச்செடி வேண்டும் என்றாள். "உங்க ஊரு வெயிலுக்கு இது நிக்காதும்மா, காசு வீணாயிரும்" என்று அந்த அக்கா நேராகவே சொன்னார். அம்மா விடவில்லை, விற்பனைக்கு வைத்திருந்த இடத்தில் ஒரு தொட்டி வாங்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

போன வாரம் போன் பண்ணினாள். "கொல்லையில வெச்சிருக்கேன் பாரு. நாலு கம்பு நட்டு மேல தென்னங்கீத்து போட்டிருக்கேன். அங்க பனிக்கு மிலாரு, இங்க வெயிலுக்குக் கீத்து. புதுசா மூணு இலை விட்டிருக்குட்டி. இது நிக்காதுன்னு சொன்ன அந்தப் பிள்ளையப் பார்த்தா சொல்லு."

சனிக்கிழமை ஊட்டிக்குப் போகிறேன், சொல்லிவிட வேண்டும்.